எண்பது மில்லிவோல்ட்

க்ரோல், பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே பெல்தோன் மலைகள்
பாதி பனி, பாதி மேகம்.
போதாதென்று உள்ளேயும் நாங்கள்
ஒரு குளிர்காலம் செய்துகொண்டிருக்கிறோம்:
சீறும் குழாய்வழி மைனஸ் நாற்பது டிகிரிக் காற்று,
சுண்டுவிரல் நகத்தளவு சிலிக்கன் மேல்.

இருநூற்றுப் பதினோராம் வரிசை,
முப்பத்தெட்டாம் பத்தி.
நாற்பது லட்சம் செல்களில்
இது ஒன்றுதான் மறக்கிறது.
அதுவும் சும்மா இருக்கையில் இல்லை.
வைத்ததை வைத்தபடி
இரவெல்லாம் வைத்திருக்கிறது.
என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டால்தான்
தடுமாறிப் பூஜ்யத்தை ஒன்று என்கிறது,
பிறகு
அதையே நம்பியும் விடுகிறது.

வரைந்தவன் நான்தான்.
ஆறு டிரான்சிஸ்டர்.
நடுவில் இரண்டு இன்வெர்ட்டர்:
ஒன்று ஆம் என்றால் மற்றது இல்லை எனும்,
அந்தச் சண்டை ஓயாதவரை ஞாபகம் நிற்கும்.
பக்கத்துக்கு ஒரு கதவு.
கதவைச் சற்று அகலமாக வைத்துவிட்டேன்,
பிராசஸருக்கு எப்போதும் அவசரம்.

டெஸ்டரை ஓட்டுபவள் சோலென் கிவார்க்,
பிரெஸ்ட் துறைமுகத்துக்காரி.
மலைகள் வானத்தை அடைத்துக்கொள்கின்றன என்று
பத்து வருடப் புகார்.
அவள் தம்பி எர்வான்
போன மாதம் பனிச்சரிவில்.

கான்டீனில் எல்லாரும் கேட்டார்கள்,
தட்டைக் கையில் வைத்துக்கொண்டே,
முழுக்கேள்வியாக.
ஒவ்வொரு தடவையும் அவள்
பரவாயில்லை என்றாள்.
மூன்றாம் நாள்
பரவாயில்லை என்று அவளே நம்பிய மாதிரி இருந்தது.

செல்லுக்கு வலு குறைவு.
அத்தனை நீளக் கம்பியை
அடிவரை இழுக்க அதனால் ஆகாது.
எண்பது மில்லிவோல்ட் சரிந்தால் போதும்,
மீதியைக் கேட்பவன்தான் புரிந்துகொள்ள வேண்டும்.
இதைப் பதினான்கு வருடமாகப்
புதிதாய் வருகிறவர்களுக்குப் படம் போட்டுச் சொல்கிறேன்.
கான்டீன் வரிசையில் நானும்தான் நின்றேன்.

இன்று சிலிக்கனை மாற்ற முடியாது.
வேர்ட்லைன் வோல்ட்டேஜை மட்டும் ஒரு படி இறக்கினோம்:
கதவு அதே அகலம்,
திறப்பது கொஞ்சமாக.
சோலென் மறுபடி ஓட்டினாள்.
ஆயிரம் தடவை கேட்டோம்.
ஆயிரம் தடவையும் பூஜ்யம்.

ஒன்பது பிக்கோசெகண்ட் தாமதம்.
நாளை மீட்டிங்கில் மத்தியாஸ் முகத்தைச் சுளிப்பான்.
சுளிக்கட்டும்.
லாப்லாந்தில் யாரோ விடிகாலையில்
காரின் சாவியைத் திருகும்போது
இந்தச் செல் உளறாமல் இருக்க வேண்டும்.

மணி ஒன்பதரை.
காபி மெஷின் என் நாணயத்தை விழுங்கிவிட்டு
வெந்நீர் மட்டும் தந்தது.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சோலென்,
"அவனுடைய ஒரு கையுறை
என் காரிலேயே..."
என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
குளிர்க்குழாயை மூடினேன்.
சீறல் நின்றபின்
அறை எவ்வளவு பெரியதென்று தெரிந்தது.
சிப்பின் மேல் உறைபனி
ஓரத்திலிருந்து நீராகத் தொடங்கியது.
அவள் அதைத் துடைக்கவில்லை.