மூன்றாம் தட்டு

துவாங்வாவில் கரும்புக்காட்டைக் கொளுத்தும் மாதம்.
காயப்போட்ட துணியிலெல்லாம்
கரி வந்து உட்காரும்.
அப்படியொரு காலையில்
கடை திறக்குமுன் கதவைத் தட்டினாள் எனலேசி.
ஏழு மாதம்.
இடுப்புத்துணி முடிச்சில் ஒரு மருந்துக்குப்பி.

இந்தச் சாலையில் ஃப்ரிட்ஜ்
உங்களிடம் மட்டும்தான், என்றாள்.

நான் பீர் விற்கிறவள்.
கடன் கேட்டு வருவார்கள்,
புருஷனைத் தேடி வருவார்கள்.
குளிர் கேட்டு யாரும் வந்ததில்லை.

ஃபான்டாவுக்கும் பச்சைப் பாட்டிலுக்கும் நடுவே
மூன்றாம் தட்டில் இடம் ஒதுக்கினேன்.
குளிர வேண்டுமாம், உறையக் கூடாதாம்.
பின்சுவரில் ஒட்டாமல்
சோப்புப் பெட்டிக்குள் வைத்தோம்.

காலை ஒருமுறை, பொழுது சாய ஒருமுறை
சரக்கறையில் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து
தொடையில் குத்திக்கொள்வாள்.
ரத்தம் பார்க்கும் பட்டை
வாரத்துக்கு இரண்டுதான் கிடைத்தது.
விடியலைக் கேட்பதா,
சோளக்களி தின்ற மதியத்தைக் கேட்பதா
என்று கையில் வைத்து யோசிப்பாள்,
கடைசிக் காசை மாற்றப்போகிறவள் போல.

ஜைலோசி, அவள் புருஷன்,
ஆலையில் சர்க்கரை மூட்டை தைப்பவன்.
காதுமடல்வரை பிசுபிசுப்பு.
வாசலிலேயே கழுவிவிட்டு வா என்பாளாம்,
பாதி விளையாட்டாக.

மூன்றாம் வாரம் தேவாலயத்தில் பேச்சு:
வயிற்றுப் பிள்ளையோடு குடிக்கப் போகிறாள்,
அதுவும் இருவேளை.
நான் போய்ச் சொல்லட்டுமா என்றேன்.
"நோய் என்றால் சாபம் என்பார்கள்.
குடிகாரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்,
அதற்காவது மன்னிப்பு உண்டு."
சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு, மின்சாரம் போன இரவு.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
சூடான பீரைத் திட்டிக்கொண்டே குடித்துவிடுவார்கள்;
அது வேறு.
ஏரிக்கரை மீன்காரனிடம் ஐஸ் வாங்கி அடைத்து
விடியும்வரை ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்துக் கிடந்தேன்.
ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்றவனை
கைப்பிடியைத் தொடவிடவில்லை.
பதினெட்டு வருடத்தில்
வந்த வாடிக்கையை விரட்டியது அன்றைக்குத்தான்.

பெண் குழந்தை. நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
பிறந்ததுமே குதிகாலில் குத்திப் பார்த்தார்களாம்.
அழுதாளாம், நல்ல குரல்.

எனலேசிக்கு இனி ஊசி வேண்டாம்.
இப்போதைக்கு, என்றாராம் நர்ஸ்.
சம்பள நாளில் பாட்டில் அடுக்க இடம் போதாதபோதும்
அந்தச் சோப்புப் பெட்டியை நகர்த்தக்
கை போகவில்லை.

நேற்று, தேவாலயம் முடிந்த கையோடு
பின்வாசலில் நிழல் தட்டியது.
பாட்டுக்குழுவில் முன்வரிசைக்காரி.
அன்று முதலில் வாய் திறந்தவள்.
ஐந்து மாதம் இருக்கும்.
முடிச்சை அவிழ்க்காமல் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று
சொல்லத்தான் வாயெடுத்தேன்.