மரை

தெங்காவில் புது வீடு, பதினான்காம் மாடி.
லாரி வந்தது, அலமாரி வந்தது,
பிரஷர் குக்கர்கூடத் தன் விசிலோடு வந்து சேர்ந்தது.
இரட்டையடுக்குக் கட்டிலின்
எட்டுத் திருகாணிகள் மட்டும்
யீஷூனுக்கும் இங்கேயும் நடுவில் எங்கோ
இறங்கிக்கொண்டன.

ஒன்பது நாளாய்ப் பலகைகள் சுவரோடு சாய்ந்து நிற்கின்றன.
பிள்ளைகள் தரை மெத்தையில் உருள்கிறார்கள்,
"எனக்குத்தான் மேல்தட்டு" என்று
இன்னும் இல்லாத உயரத்துக்குச் சண்டை போட்டபடி.

கம்பெனிக்கு எழுதினேன்.
அந்த மாடல் நின்றுவிட்டதாம்.
ஆறு வாரத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றது,
ஆளா எந்திரமா தெரியவில்லை,
கீழே டாஃப்னி என்று போட்டிருந்தது.

"புதுசே வாங்கிடலாமே" என்றார் நன்மாறன்,
கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.
எட்டுத் திருகாணிக்காக
ஒரு கட்டிலையா குப்பையில் போடுவது?

ஒரே ஒன்று மிஞ்சியிருந்தால் போதும்,
இதே மாதிரி ஏழு கொடுங்கள் என்று நீட்டலாம்.
ஒன்றுமே மிஞ்சாதபோது
எதை நீட்டுவது?

துளையை நீட்டலாம் என்று தோன்றியது.
சாப்ஸ்டிக்கை உள்ளே விட்டு
முட்டிய இடத்தில் நகப்பூச்சால் கோடு போட்டேன். அது நீளம்.
பிள்ளைகளின் நீலக் களிமண்ணை உருட்டி
தேங்காய் எண்ணெய் தடவி
மரத்தூணுக்குள் புதைந்த பித்தளை நட்டில் திணித்தேன்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகி எடுத்தேன்.
வந்தது,
வரி வரியாய், மரையின் அச்சு.

டிஷ்யூவில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன்.

புக்கிட் பாத்தோக்கில் ஒரு புளோக்கின் கீழ்
வாளிகளும் துடைப்பங்களும் நடைபாதைவரை வழியும் கடை.
ஹுய் ஷான் என்று பெயர் தைத்த சட்டை போட்ட பெண்
டிஷ்யூவைப் பிரித்து, முகர்ந்து பார்த்து,
"இது என்ன, புழுவா?" என்றாள்.
சொன்னேன்.
சிரித்தவள் சட்டென்று நிறுத்தி
விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

எங்கள் பாஷையில் என்னைப் போன்றவர்களை
மரை கழன்ற கேஸ் என்பார்கள்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

சீப்பு மாதிரி ஒரு கருவியின் பற்களை
ஒவ்வொன்றாய் நீலத்தில் வைத்து வைத்து எடுத்தாள்.
வெயிலில் களிமண் சுருங்கியிருக்கிறது,
ஆறு மில்லிமீட்டரா கால் அங்குலமா
சத்தியம் செய்யமாட்டேன் என்றாள்.
தோட்டின் திருகாணியைத் தொலைத்துவிட்டுப் போனபோது
சிராங்கூன் சாலை நகைக்கடைக்காரரும்
இப்படித்தான் கேட்டார்: "இது யார் போட்ட மரை?"
அன்றும் எனக்குப் பதில் தெரியாது.

இதில் எட்டு, அதில் நாலு. இரண்டு உறை.
"முதல் இரண்டு சுற்று விரலாலேயே போகணும்.
முரண்டு பிடித்தால் அது இல்லை.
கருவியால் ஆரம்பிக்காதே."
பொருந்தாததைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள்.
காசு மூன்று வெள்ளி அறுபது.

இரவு பத்தரைக்கு
கால் அங்குலம் ஒன்றரைச் சுற்றில் முறைத்து நின்றது.
ஆறு மில்லிமீட்டர்
வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.
நான் கூவிய கூவலில்
நன்மாறன் எழுந்து வந்து பலகையைத் தாங்கினார்.

ஏழு நன்றாக ஏறின.
எட்டாவதில் நட்டே சேர்ந்து சுழன்றது.
சனிக்கிழமை சாத்தே தின்ற குச்சிகளைக் கழுவி, ஒடித்து,
பசை பூசித் துளையில் அடைத்துவிட்டு
விடியும்வரை யாரும் ஏறக்கூடாது என்றேன்.
விடியுமுன் இரண்டு பேருமே மேல்தட்டில்.

கட்டில் முனகுகிறது, ஆனால் நிற்கிறது.
டாஃப்னி இன்னும் எழுதவில்லை.
கால் அங்குலம் நாலையும் திருப்பிக் கொடுக்கவேண்டும்,
அந்தப் பக்கம் போக நேரமே வாய்க்கவில்லை.
கைப்பைக்குள் பயண அட்டையைத் தேடும்போதெல்லாம்
விரலில் இடறுகின்றன.
எடுத்து ஒரு முறை பார்க்கிறேன்.
வேறு ஏதோ கட்டிலுக்கு
இவைதான் சரி.