மூன்றரை மணிக் கூட்டம்

முதல் கூட்டம் காலை பத்துக்கு.
மாநகரசபை மண்டபம். மூன்று மின்விசிறியில் இரண்டு சுற்றின.
அழைப்புக் கடிதத்தை நான்தான் தட்டச்சிட்டேன்:
‘நகருள் சரக்குப் போக்குவரத்து. பங்குதாரர் கலந்துரையாடல்.’
வந்தவர் பதினொரு பேர்,
பத்துப் பேர் கடை முதலாளிமார்,
மற்றவர் மழைக்கு ஒதுங்கினவர்.

விரித்த வரைபடத்தில் புளியந்தீவு
நண்டோடு போல மல்லாந்து கிடந்தது,
பாலங்கள் அதன் கால்கள்.
யசோதினி மிஸ் சிவப்புப் பேனையால் கோடு கீறினா:
காலை ஆறு முதல் இரவு எட்டு வரை
பெரிய லொறி கோட்டைமுனைப் பாலம் தாண்டக்கூடாது.
எல்லாத் தலையும் ஆடின.
தேநீர் ஆறமுன்னம் தீர்மானம் முடிந்தது.
இவ்வளவு கெதியாய் ஒரு ஊர் ஒத்துக்கொண்டால்
கதிரையில் ஆள் குறைகிறது என்று
அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

மறு கிழமை கண்ணமுத்து வந்தார்,
மூட்டை தூக்கும் நாட்டாமை.
தோளில் சாக்குத் துண்டு, கையில் என் கடிதம்,
ஏதோ கடைச் சுவரில் கிழித்தது, மூலையில் பசை.
‘பங்குதாரர் எண்டு போட்டிருக்கு தம்பி,
எனக்கு எத்தனை பங்கு?’
நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
‘பத்து மணிக்கு நாங்க நித்திரை.
எங்களோட கதைக்கிறதெண்டா
விடிய மூண்டரைக்கு வாங்க.’

போனோம்.
யசோதினி மிஸ் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றா.
தம்புள்ள லொறியின் பின்கதவு இறங்கி மேசையானது,
வெங்காய மூட்டைமேல் வரைபடம், போன் வெளிச்சம்.
‘இந்த வளைவில லொறி கிறுகாது,’
கண்ணமுத்து விரல் வைத்தார்,
‘கிறுகினா மருந்துக்கடைத் தகரம் போகும்.
மூண்டு தரம் போயிட்டு.
இது உடைஞ்ச வடிகான் மூடி. உங்கட படத்தில இல்ல.
என்ட முழங்காலில இருக்கு.’

சாரதி குமாரசிறி எண்ணி எண்ணித் தமிழ் பேசினார்:
‘வெலிக்கந்தையில யானை நிண்டா ஆறு மணி தாண்டும்.
பிறகு ராவு எட்டு மட்டும் பாலத்தடியில நான்.
கோவா வாடும்.’
‘அப்ப யானைக்கும் ஒரு கடிதம் போடுங்க மிஸ்,’
என்றார் ஆதம்லெப்பை,
காத்தான்குடிச் சில்லறைக் கடைகளுக்குப்
பட்டா ஓடுகிறவர்,
நிறுத்த இடமில்லாமல் வாங்கின தண்டச் சீட்டுகளைப்
பணக்கட்டு மாதிரி றப்பர் போட்டு வைத்திருந்தவர்.
சிரிப்பு அடங்கின பிறகு
குமாரசிறி குரலைத் தாழ்த்தினார்:
‘இஞ்ச கக்கூஸ் எங்க இருக்கு?’
ஒன்பது வருசமாய் இந்த ஊருக்கு
வெங்காயம் கொண்டு வருகிறாராம்.

அப்போது மேல்மாடி யன்னல் திறந்தது.
முகம் தெரியாத ஒரு பெண்குரல்:
‘எஞ்சினை நிப்பாட்டுங்கோ!
புள்ள இப்பதான் கண் மூடினது!’
குமாரசிறி ஓடிப்போய்ச் சாவியைத் திருகினார்.
இந்த வாவியில் மீன் பாடுமாம்,
நான் ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டது கண்ணமுத்துவின் மூச்சு,
ஐம்பது கிலோவுக்குக் கீழே
நூற்றிப்பத்து அடி தூரம்
போய்ப் போய் வந்தது.

சிவப்புக் கோடு அழியாது.
மிஸ் பக்கத்தில் நீலத்தால் கீறினா:
பாலத்துக்கு முன்னே ஒரு இறக்குமிடம்,
கழிவறையோடு.
அங்கிருந்து சத்தமில்லாத பற்றரி வண்டி
கடை கடையாய்.
எல்லோரும் குனிந்து பார்த்தோம், நல்லாய்த்தான் இருந்தது.
‘வண்டி தூக்கினா
நான் எதைத் தூக்குறது?’

ஒருவரும் பேசவில்லை.
குறிப்பேட்டில் ஐந்தாம் விடயம் என்று போட்டு,
‘தீர்மானமில்லை’ என்று எழுதி,
பேனையை மூடாமல் வைத்தேன்.
அடுத்த கூட்டமும் மூன்றரைக்கே.

வரவுப் பதிவில் இம்முறை பதினாறு பேர்.
கண்ணமுத்துவின் கையெழுத்தில்
ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருக்கிறது.
கடைசி வரியில் பெயர் கேட்க முடியவில்லை.
‘மேல்மாடி யன்னல்’ என்று நானே எழுதினேன்.