உருவேற்றும் அறை

அச்சுவேலியில் எங்கள் கொட்டகைக்கு முதல் எதிரி காற்று.
தொண்டைமானாற்றுப் பக்கமிருந்து உப்பும் ஈரமுமாய் வரும்.
இரண்டாம் எதிரி நாங்கள்.
உலர்ந்த அறைக்குள் ஐந்து பேருக்கு மேல் மூச்சுவிடக் கூடாதென்று
கதவில் ஒட்டியிருக்கிறது.
ஆறாவது ஆள் நுழைந்தால் ஈரமானிக்குத்தான் முதலில் தெரியும்.

செம்புத் தகட்டில் கறுப்புக் கூழ் பூசுவோம்,
ஆடிக்கூழின் பதம்.
இறுகினால் கோடு விழும், இளகினால் ஓரத்தால் வடியும்.
முப்பது அடி அடுப்புக்குள் காயவைத்து
நசுக்கி, சுருட்டி, தகரக் குப்பிக்குள் இறக்கி
வாயை அடைப்போம்.
அப்போதும் அது பற்றரி இல்லை.
உரு ஏற வேண்டும்.

கோயிலில் மந்திரத்தை எண்ணி உருவேற்றுவார்கள்.
இங்கே மில்லியம்பியரை எண்ணி.
முதல் மின்னேற்றம் இருபது மணித்தியாலம்,
பச்சைத்தண்ணியைப் பாலாடையில் பருக்குகிற மாதிரி.
அவசரப்படுத்தாதே என்பது சட்டம்.
உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படரும்,
தான் தின்ற லிதியத்தைத் திருப்பித் தராத தோல்.
அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் போய்வரும்.

இருபது மணித்தியாலமும் குளிரூட்டி ஓடும்.
மாதக் கடைசியில் மின்சார பில்
எங்கள் ஏழு பேரின் சம்பளத்தையும் கூட்டினால் வருவதைவிடக் கூட.

கார்த்திகை மழை. இரவு வேலை.
பதினேழாம் தட்டுக்கு எண் அடிக்கிறேன்.
மரியநேசன் அனுப்பிய பகிடிக்குச் சிரித்தபடி
புள்ளிக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டேன்.
பத்து மடங்கு.

விடிய வந்து பார்த்தால்
அந்தத் தட்டில் மட்டும் பச்சை லைற்.
இரண்டு மணித்தியாலத்தில் முடிந்து
சும்மா இருந்திருக்கிறது, என்னைப்போல.

"டிலக்சன், இது உன்ர வேலையோ?"
ஆரணி மிஸ் ஏசவில்லை.
"எறியாதையுங்கோ. சோதிச்சுப் பாப்பம்."

நிரப்பி, வடித்து, நிரப்பி, வடித்து
தை போனது, மாசி போனது.
ஒழுங்காய் உருவேறிய தட்டுகள்
அறுநூறாம் சுற்றில் களைத்துப் படுத்தன.
பதினேழு படுக்கவில்லை.
முதல் நாளே கூட இழந்திருந்தது,
மிஸ் படம் கீறிக் காட்டினார்:
முதலே கொடுத்துவிட்டதால்
பிறகு கொடுக்க அதற்கு மனமில்லைப் போல.
"போல" என்ற சொல்லை
அறிக்கையில் சிவப்புக் கோட்டால் வெட்டினார்.

பிறகும் நாற்பது தட்டு,
வேண்டுமென்றே செய்த பிழை.
இருபத்தெட்டு நன்றாய் வந்தது, ஐந்து ஊதியது,
மற்றதற்கு ஏனென்று இன்னும் தெரியாது.
ஆனாலும் பில் பாதியாய் இறங்கியது.
பின்னேரம் நாலரைக்கு எல்லாம் முடிந்தது.

அதனால்
இரவு வேலை என்று ஒன்று இல்லாமல் போனது.
என்னைப் பகலுக்கு மாற்றினார்கள்.
மரியநேசனுக்குப் பகலில் இடமில்லை.
சுன்னாகச் சந்தியில் ஓட்டோ ஓடுகிறான்.
அந்தப் பகிடியைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.
நல்ல பகிடிதான்.

இரண்டரைக்கு இப்பவும் விழிப்பு வருகிறது.
தலைமாட்டில் போன் நாலு வீதம்.
சொருகினேன்.
எந்த ஊரில் எவன் கண்விழித்து
உருவேற்றிய தட்டோ.
ஐந்து.
ஆறு.
பார்த்துக்கொண்டே கிடந்தேன்.