அடிமணம்

காலை ஏழு பத்துக்கு
இடது மணிக்கட்டில் ஒன்று,
கழுத்துக்குழியில் ஒன்று.
முதலில் ஸ்பிரிற். ஊசி போட முன்
நேர்ஸ் பூசுகிற அதே குளிர்.
ஹெல்மெற் வாரைக் கொழுவும் நேரத்தில்
பழம் வரும்.

என்ன பழமென்று போத்தலில் படம் இருக்கிறது,
வெட்கப்பட்ட உருளைக்கிழங்கு மாதிரி.
நான் தின்றதில்லை.
சுவிஸிலிருந்து மச்சாள் அனுப்பியது.
என் தோலில் அது ஜம்பு,
பிறகு ஒரு நாள் கூடப் பழுத்த கொய்யா,
டிப்போச் சந்தியில் லொறிக்கு ஒதுங்குகையில்
கரண்டியில் ஒட்டிய ஜாம்.

கனகபுரத்தில் எட்டு வீடு.
எட்டும் பழத்தைத்தான் அறியும்.
ஒரு பெடியன், ஆறு வயதிருக்கும்,
படலையில் ஏறி நின்று கத்துவான்:
“அம்மா, லோன் மணக்குது!”
உள்ளே ஒரு கதவு சாத்தும்.
யாருமில்லாத வீட்டில்
பால் பொங்கி வழியும்.
“அம்மா கிளினிக்குக்குப் போட்டா.”
நான் எழுதிக்கொள்வேன்: ஆள் இல்லை.

முதல் தடவை அழுகை வந்தது.
ஒரு பெண் வருவதை மணத்தில் அறிகிறவர்கள்
பூங்கொத்தோடு நிற்பார்கள் என்றுதான்
விளம்பரத்தில் காட்டினார்கள்.

பத்தரைக்குப் பூ.
பழத்தின் சீனி வெயிலில் வற்ற
கீழே கிடந்தது எழும்பும்.
மல்லிகை என்று நினைக்க
இல்லை, இலுப்பைப்பூ என்று மூக்கு திருத்தும்.
அக்கராயன் குளக்கட்டில் ஏறினால்
இரண்டும் இல்லை,
பெட்டிக்குள் பூட்டி வைத்த கலியாணச் சேலை.
வியர்த்த பிறகுதான் அது வாய் திறக்கிறது.
மச்சாளின் தோலில் இது
பின்னேரம்வரை பழம்தானாம்.
குளிர் நாடு.

பைக்குள் நோட்டுகளும் மணக்கின்றன:
நெத்தலி, பால்மா, மண்ணெண்ணெய்,
சட்டைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தவளின் சூடு.
சிப்பைத் திறக்கும்போதெல்லாம்
என் பூவுக்குள் ஒரு கருவாடு நீந்திப் போகும்.

வாடை வீசும் மாதங்களில்
மணம் எனக்கு நூறு யார் முன்னே ஓடும்.
ஸ்கந்தபுரத்துக்குள் நான் திரும்ப முன்னே
கிணற்றடி வெறித்துவிடும்,
வாளி மட்டும் ஆடும்.
சோளகத்தில் அது பின்னால் பறந்து
வசூலித்து முடித்த ஒழுங்கைக்கே
திரும்பப் பயம் காட்டும்.
பாலைப்பழம் விற்கிற அந்தக் காலத்தில்
இரண்டு தரம் கூட அடிப்பேன்.
“மிஸ், கொஞ்சம் குறைக்கலாமே,” என்பார் மனேஜர்.
ஓம் சேர் என்பேன்.
நிலுவை கூடுகிறது என்கிற தாளை
நாலாய் மடித்து வைப்பேன்.

ஆனால் நாலு மணி.
வன்னேரிக்குளம். கடைசி வீடு. யோகமலர்.
அங்கே போய்ச் சேர்வது அடிமணம்.
வனிலாவோ, சந்தனத் தூளோ, நானோ,
பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று.
காற்றுக்கு அதைத் தூக்கத் தெரியாது.
கட்டிப்பிடிக்கிற தூரத்தில் மட்டும் இருக்கும்.
ஒவ்வொரு செவ்வாயும்
அவள் அகப்படுகிறாள்,
கையில் மாவோடு, முடியாத தலையோடு.

போன கிழமை
பாஸ்புத்தகத்தில் ஒப்பமிடக் குனிந்தேன்.
“மிஸ் என்ன சென்ற் போடுறனீங்கள்?” என்றாள்.
“நல்லாயிருக்கு.
கைப்பிள்ளையின்ர உச்சி மாதிரி.”
மற்றவர்கள் எல்லோரும்
பழத்தோடும் பூவோடும் ஓடியவர்கள்.
இதை மணந்தவள் இவள் ஒருத்தி.
ஆயிரத்து இருநூற்றைம்பது.
ஒரு நூறு நனைந்திருந்தது.

இன்று போத்தலும் என்னோடு வருகிறது.
மதகடியில் ஸ்கூட்டியை நிற்பாட்டி
மணிக்கட்டில், கழுத்தில், ஜக்கெற்றின் கையில்,
சும்மா காற்றிலும் ஒன்று.
பின்னேர வெயிலில்
திரும்ப வருகிறது பழம்,
கூப்பிடாத விருந்தாளி போல, சிரித்துக்கொண்டு.
ஐந்து நிமிடம் நிற்கிறேன்.
போதாதென்று
ஹோனையும் ஒருக்கால் அடிக்கிறேன்.

படலையில் நிற்கிறாள்,
கையில் மாவோடு.
மூக்கை உயர்த்தி, கொஞ்சம் யோசித்து,
“இண்டைக்கு வேற சென்றா, மிஸ்?
மற்றதுதான் நல்லம்.”