மரத்துப்போகப் பத்து நிமிடம்

அஞ்செட்டி கால்நடை மருந்தகத்தின்
இருப்புப் பதிவேட்டில் இன்று காலை:
லிக்னோகெய்ன், இரண்டு சதவீதம்,
முப்பது மில்லி புட்டி ஒன்று.
அடுத்த வரத்து வரைக்கும் அதுதான்.

கெம்பம்மாவின் காளைக்கு இடக்கொம்பு தொங்குகிறது.
வேரில் புற்று.
ஈ அண்டாமலிருக்க வேப்பெண்ணெய்த் துணி சுற்றியிருந்தாள்.
மூன்று மாதமாய்த் தலையை ஒரே பக்கம் சாய்த்தபடி
நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுத்திருக்கிறது.
"வலிக்குதுன்னு ஒரு நாளும் காட்டல" என்றாள்.
புகாருமில்லை, பெருமையுமில்லை அந்தக் குரலில்.

காட்டாது.
சிறுத்தை திரிகிற காட்டோரத்தில்
வலியைக் காட்டும் மாடு
அன்றைக்கே மாட்டிக்கொள்ளும்.

கண்ணின் கடைக்கோடிக்கும் கொம்பின் அடிக்கும் நடுவே
நெற்றியெலும்பின் விளிம்பு ஒன்று ஓடும்,
கட்டைவிரலுக்கு வரப்புபோலத் தட்டுப்படும்.
அதன் அடியில்தான் நரம்பு.
பத்து மில்லி செலுத்தினேன்.
இனி காத்திருக்க வேண்டும்.

"எதுக்கு மேடம்? நாலு பேரு அமுக்கிப் பிடிச்சா
அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிடும்" என்றார்
உதவியாளர் மாதையன். கெட்டவர் இல்லை.
நானே அப்படி முடித்திருக்கிறேன்.
வேலைக்குச் சேர்ந்த வருடம், பாலக்கோடு பக்கம் ஒரு முகாம்,
புட்டி காலி, வரிசை நீளம்,
பதினான்கு காளைக் கன்றுகள்.
அறிக்கையில் 'அசைவு இல்லை' என்று எழுதினேன்.
கயிறு அசையவிடவில்லை என்று
எழுதவில்லை.

ஏழாவது நிமிடம்
மேலிமை தானாகச் சரிந்தது, பாதிக் கண்ணுக்கு.
பிடித்துவிட்டது.
கொம்படியில் ஊசி முனையால் குத்தினேன்.
ஒன்றுமில்லை. இன்னொரு இடம். ஒன்றுமில்லை.
ரம்பக் கம்பியை எடுத்தேன்.

"பின்னாடியும் குத்திப் பாரு."

குத்தினேன்.
காது மட்டும், ஒரே ஒரு முறை,
மடிந்து நிமிர்ந்தது.

கெம்பம்மா காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணப்போ
ஊசி ஏறல. ஏறலன்னேன்.
ஏறிடுச்சும்மா, பேசாம படுன்னாங்க."
அவ்வளவுதான் சொன்னாள்.
மாட்டின் தாடைக்கடியில் கையை வைத்துக்கொண்டாள்.

மாதையன் பதிவேட்டைப் பார்த்தார், பிறகு என்னை.
கொம்புக்குப் பின்புறம் இன்னும் பத்து மில்லி.
உரிகத்திலிருந்து நாளை வரவேண்டிய கிடேரிக்கு
மிச்சம் பத்து.

மறுபடி காத்திருந்தோம்.
வெளியே ஒகேனக்கல் பேருந்து ஹார்ன் அடித்துப் போயிற்று.
யாரோ ஒருவர் கோழியோடு வந்து
எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

கம்பி இழுக்க இழுக்க
முடி தீய்ந்த நாற்றம், வெள்ளைப் புகை.
கொம்பு என் முழங்காலில் விழும்வரை
காளையைக் கட்டிய கயிறு
தொய்ந்தே கிடந்தது.

மெலாக்சிகாம் போட்டு அனுப்பினேன்.
"மரப்பு இன்னும் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும்.
நாளையும் மறுநாளும் ஊசிக்குக் கூட்டி வா.
ராத்திரி கவனி. பல்லை நறநறத்தால் வலி.
அசைபோட்டால் பயமில்லை."

இரவு ஒன்பதே முக்காலுக்கு போன்.
"வாயி ஆடுது டாக்டரம்மா.
எதுன்னு தெரியல. நீயே கேளு."

கைபேசியை மாட்டின் வாயருகே பிடித்திருப்பாள்.
அரைபடும் சத்தம்.
எனக்கும் தெரியவில்லை.
சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு
மின்விசிறியை நிறுத்தினேன்.
எண்ணத் தொடங்கினேன்.
ஐம்பத்திரண்டில் சத்தம் நின்றது.

தொண்டையில் ஏதோ இறங்கியது.
கெம்பம்மா மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை.

பிறகு அடிவயிற்றிலிருந்து
ஒரு கவளம்
ஏறி வந்தது.