ஜனவரி ஒன்று, இரண்டாயிரம்

அண்ணன் கொடுத்தது ஒரு பிஸ்கட் டப்பா.
உள்ளே ஏழு மெமரி கார்டு,
கொஞ்சம் உப்பு, ஒரு நண்டு ஓட்டுத் துணுக்கு.
"நீதான் கம்ப்யூட்டர்காரி. பிரித்து வை,
நல்லதாக நாலு பிரிண்ட் போடு" என்று
வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப்
படகுக்குப் போய்விட்டான் யெர்கோ.
புந்தா அரேனாஸில் அன்றைக்குக் காற்று
மணிக்கு நூறு கிலோமீட்டர்.
கதவை நானும் ரமிரோவும் சேர்ந்து சாத்தினோம்.

கார்டைச் செருகினேன்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு படங்கள்.
பச்சைப் பட்டை நத்தையாய் ஊர்ந்தது.
தேதிவாரியாக அடுக்கு என்றேன்.
அடுக்கியது.
எல்லாமே ஒரே நாள்:
ஜனவரி ஒன்று, இரண்டாயிரம்.

குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று
ராத்திரிதோறும் அதைக் கழற்றிச்
சட்டைக்குள் வைத்துத் தூங்குகிறவன் அவன்.
காலையில் கேமரா கண் விழித்து
இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும்.
"பிறகு" என்பதை அமுக்குவான்.
பதினொரு வருடமாகப் பிறகு, பிறகு.

ஆகவே, கணக்குப்படி,
ஒரே நள்ளிரவில்
அவன் மகள் மிலென்காவுக்குப் பல் விழுந்தது,
முளைத்தது, கம்பி கட்டப்பட்டது.
நீல வீடு மஞ்சளானது.
ஒரு திமிங்கலம் மூன்று நிமிடம் வாலைக் காட்டியது.

நான் துப்பறியத் தொடங்கினேன்.
ஓட்டைப் பல் என்றால் இரண்டாயிரத்து ஒன்பது.
கம்பி என்றால் பதினைந்து.
சிவப்பு லாரியின் இடது கதவு
பதினாலில் நசுங்கியது. நல்லதாயிற்று.
கி.மு., கி.பி. போல
ந.மு., ந.பி. என்று இரண்டு ஃபோல்டர் திறந்தேன்.
கட்டைவிரல் மட்டும் விழுந்தவை அறுபது; அழித்தேன்.
படகுக் கூட்டாளிகளின் சிவந்த கண்களை
ஒரே சொடுக்கில் யோக்கியமாக்கினேன்.
ஒருவனுக்கு மட்டும் போகவில்லை,
அது ஃபிளாஷ் தந்த சிவப்பு இல்லை போல.

ஐந்தாவது கார்டு. மணி பூஜ்யம் பதினேழு.
கலங்கலாக ஒரு தெரு.
கயிற்றைப் பிடித்து நடக்கும் நாலு பேர்,
பதிவு அலுவலகப் படிகள்,
பக்கவாட்டில் பறக்கும் ஏதோ வெள்ளை.
பெரிதாக்கினேன். சதுரங்கள் வந்தன.
இன்னும் பெரிதாக்கினேன்.
வெள்ளைச் சதுரங்கள் என் முகத்திரை.
பச்சைச் சதுரங்கள் மாமியாரின் தொப்பி.

என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை.
அப்பாவின் படகை விற்ற பணத்தில் சண்டை.
"கடலில் இருக்கிறேன்" என்று
ஒரு வரி அனுப்பியிருந்தான்.

படத்தின் கீழ் மூலையில்
லாரியின் பக்கக் கண்ணாடி.
அதற்குள்ளே ஒரு கை,
முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா.
கதவில் நசுங்கல் இல்லை. ந.மு.

எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தேன்.
ஆறு வருடமாக மாட்டியிருக்கும் கல்யாணப் படம்,
எல்லோரும் காற்றுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிறோம்.
ரமிரோவின் காதுக்குப் பின்னால், எதிர்ச்சாரியில்,
சிவப்பாக ஒரு லாரி மூக்கு.
இத்தனை நாள் அதற்கும் சேர்த்துத்தான்
தூசி தட்டியிருக்கிறேன்.

தானாக வெட்டு என்றேன்.
கம்ப்யூட்டர் என்னை நடுவில் நிறுத்திக்
கண்ணாடியை வெட்டியது.
வேண்டாம் என்று திரும்ப வாங்கினேன்.
விளக்குக் கம்பத்தை நிமிர்த்தினால் மனிதர்கள் சாய்கிறார்கள்,
மனிதர்களை நிமிர்த்தினால் ஊர் சாய்கிறது.
அப்படியே விட்டேன்.
தேதியை மட்டும் திருத்தினேன்:
நவம்பர் இருபத்து மூன்று, இரண்டாயிரத்துப் பதின்மூன்று,
பகல் பன்னிரண்டு பத்து.

படம் இடம் பெயர்ந்தது.
என் கல்யாண வரிசையில்
இருபத்தைந்துக்கும் இருபத்தாறுக்கும் நடுவே,
மோதிரம் மாற்றியதற்கும் கேக்குக்கும் இடையில்
போய் உட்கார்ந்தது.

பிரிண்டரில் மெஜந்தா தீர்ந்திருந்தது.
கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.
பாசி நிறத்தில் வெளியே வந்தாள் மணப்பெண்.
"யார் இது, முட்டைக்கோஸா?" என்றான் ரமிரோ.

அவன் கேட்டது நாலு.
டப்பாவில் ஐந்து வைத்தேன்,
பச்சையை அடியில்.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
மெஜந்தா, பதினேழாயிரம் பெசோ,
நீதான் தர வேண்டும்.